தேத்தண்ணி ஊற்றிப் பார்த்தவள்

புஷ்பத்தின் மேல் எனக்கு இரண்டு கோபம் உண்டு. இரண்டையும் பல வருஷமாகச் சுமக்கிறேன்.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஷஹீலா ஊற்றும் இஞ்சித் தேத்தண்ணிக்குப் பதுளை பஸார் வீதியில் ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்துப் பாத்திரக் கடை செல்வநாயகம் முதலாளிகூடப் பின்னேரமானால் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு என் கடையில் வந்து உட்காருவார். அப்படிப்பட்ட தேத்தண்ணியைப் புஷ்பம் முழுக் கோப்பை குடித்து நான் பார்த்தது குறைவு. பாதியைக் குடிப்பாள். மீதியை ஒரு வெள்ளைச் சோசரில் ஊற்றுவாள். கழுவிய தராசுப் போர்டிலிருந்து வடியும் தண்ணியை அதில் சொட்டவிட்டு, நிறம் மாறுகிறதா என்று குனிந்து பார்ப்பாள். உள்ளே நின்று ஷஹீலா முணுமுணுப்பாள்: "நான் மனுசருக்கு ஊத்தினேனா, தகரத்துக்கு ஊத்தினேனா?"

பெரிய கோபம் வேறு. அது வருகிற இடத்தில் வரும்.

நான் தராசு திருத்துகிறவன். பெயர் ஹாஷிம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றார் வாப்பா. எனக்கும் போதுமாகத்தான் இருந்தது. வாப்பா காலத்தில் கடைத்தராசு, படிக்கல், மூட்டை நிறுக்கும் தராசு. என் காலத்தில் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது. டிஜிட்டல் தராசில் பழுதுபடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்னப் போர்ட். இடி விழுந்தால் கருகிப் போகும். கொழும்பிலிருந்து புதுசு வர மாதக் கணக்காகும். அதனால் போர்டை நானே செய்யப் பழகிக்கொண்டேன். செம்பு ஒட்டின அட்டையில் மாக்கர் பேனாவால் கோடு இழுத்து, பெரிக் குளோரைட் தண்ணியில் போட்டால், மை படாத செம்பை அது தின்றுவிடும். மைக்குக் கீழே இருப்பது தப்பும். தப்பினதுதான் கரண்டு ஓடும் பாதை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

புஷ்பம் முதல் நாள் வந்தது ஒரு இஸ்திரிப் பெட்டியோடு.

"இது தராசுக் கடை புள்ள. அயன் எல்லாம் பாக்கிறதில்ல" என்றேன்.

"பாக்காட்டிப் பரவால்ல நானா. மொதல்ல பின்னுக்கு அந்தத் தட்டப் பாருங்க." எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்போம், அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

திரும்பினேன். என் பிளாஸ்டிக் பேசின் அன்று காலையில் வெடித்துப்போனதால், ஷஹீலாவின் அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்து அதில்தான் பெரிக் குளோரைட்டை ஊற்றி வைத்திருந்தேன். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, தட்டு கொதித்துக்கொண்டிருந்தது. பழுப்பு நுரை பொங்கி மேசையில் வழிந்தது. மூக்கைக் குத்தும் புகை. நான் குனிந்து ஊதப் போனேன்.

"ஊதாதீங்க! மூஞ்சிய எடுங்க!" என்று கத்தியபடி உள்ளே வந்தவள், பைப் தண்ணி பிடித்து வைத்திருந்த வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். கடை முழுக்க வெள்ளம். தட்டை எடுத்துப் பார்த்தால் அடியில் நட்சத்திரம் மாதிரி ஓட்டைகள்.

"செம்பத் தின்னுறதுக்கு வாங்கின மருந்து இது. அலுமினியத்தக் கண்டா அதுக்கு வெறி புடிச்சிரும். ஈயப்பற்று வச்ச எடத்தயும் விடாது. சில்வர் கரண்டியப் போட்டாலும் அரிச்சிரும். பிளாஸ்டிக், கண்ணாடி, இது ரெண்டுலதான் வைக்கணும்."

"இதெல்லாம் உனக்கு யாரு செல்லித் தந்த?"

"மலேசியாவுல செஞ்ச வேல நானா."

அந்த ஓட்டைத் தட்டை ஷஹீலா இன்னும் எறியவில்லை. மண் போட்டு இஞ்சி நட்டிருக்கிறாள்.

புஷ்பத்தின் வீடு ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். தாய் பெரியாயி கொழுந்து பறிப்பவள். தகப்பன் இறந்து கொஞ்ச நாளில் புஷ்பம் ஏஜென்சி மூலமாக மலேசியா போனாள். வீட்டு வேலைக்குத்தான் போயிருக்கிறாள் என்று லயத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் விசாரிக்கவும் இல்லை. அவள் போனது சிப் செய்யும் தொழிற்சாலைக்கு. தலை முதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. அவள் நின்றது அமிலத் தொட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில்.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் அதைப் பற்றிப் பேசுவாள். கண்ணாடி மாதிரி மெல்லிசான வட்டத் தகடு, அதன் மேல் தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசாகத் தங்கம், அலுமினியம், குரோமியம், செம்பு என்று படை படையாகப் பூச்சு. ஒவ்வொரு படைக்கும் ஒரு தொட்டி. அலுமினியத்துக்கான தொட்டி தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் தங்கத்துக்கான தொட்டியில் செம்பு இருக்கும் தகட்டை இறக்கினால் செம்பும் சேர்ந்து போய்விடும். காஸ்டிக் சோடா செம்பைத் தொடாது, அலுமினியத்தை மிச்சம் வைக்காது.

"எதத் தின்னணும்னு எல்லாருக்கும் தெரியும் நானா. எதத் தின்னக் கூடாதுன்னு கேட்டுட்டுத்தான் நாங்க கைய வைப்போம்."

"இதெல்லாம் மனப்பாடமா?"

"மனப்பாடம் இல்ல. பயம்."

அந்த வாரமே வேலைக்கு வரச் சொன்னேன். வந்தாள். கோடு இழுப்பதில் என்னைவிடச் சுத்தம். ஒரு நாள் கொழுந்துத் தராசு ஒன்றைப் பிரித்து, பாரம் தொங்கும் அலுமினியக் கட்டையின் மேல் ஒட்டியிருந்த சின்னப் படலத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். நகத்தளவு கூட இல்லை. அதற்குள் உலோகக் கம்பி போகிற மாதிரி நெளிநெளியாகக் கோடுகள். பாரம் தொங்கும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கோடுகளும் கூடவே இழுபடும், அந்த இழுபாட்டைத்தான் போர்ட் எடுத்துக் கிலோவாகக் காட்டும். புஷ்பம் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் அரிச்சு எடுத்ததுதான். ஓரத்தப் பாருங்க, எவ்வளவு நேரா நிக்குது. யாரோ ஒருத்தி நல்லாக் கழுவியிருக்கா."

அவளுக்கு ஒரு தம்பி, கிரிஷாந்தன். பிறந்து கொஞ்ச நாளில் அவள் கையில் கொடுக்கப்பட்டவன். தாய் மலைக்குப் போனால் இவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் மலேசியாவில் தொட்டியடியில் நின்றதே அவன் படிக்கத்தான். அவன் படித்தான். தோட்டத்திலேயே கீழ்ப்பிரிவுக் கொழுந்து மடுவத்தில், கொழுந்து சேர்க்கும் கொட்டகையில், நிறுக்கிற வேலை கிடைத்தது. பெரியாயி என் கடைக்கு லட்டோடு வந்தது அந்த ஒரு தடவைதான். "நாங்க எல்லாம் தராசுக்கு இந்தப் பக்கம் நின்னவங்கதான் பாய். எங்க வீட்டுலருந்து ஒருத்தன் அந்தப் பக்கம் நிக்கிறான்" என்றாள்.

அந்த மடுவத்துத் தராசில்தான் இடி விழுந்தது. போர்ட் கருகிவிட்டது. புதுப் போர்டைச் செய்தது புஷ்பம். என் கடையில், என் பேசினில், என் மருந்தில். நான் பூட்டினேன். நிறுவை அதிகாரி வந்து படிக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது, ஈய முத்திரை போட்டார். அன்று நல்ல வெயில்.

மழை தொடங்கியது. மலையில் பின்னேரமானால் பனிமூட்டம் இறங்குகிற காலம். ஒரு நாள் கிரிஷாந்தன் தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"நெறை குறையுதுன்னு பொம்பளைங்க சத்தம் போடுறாங்க நானா. முன்னுக்கு வந்து நிறுக்கிறவங்களுக்குச் சரியாத்தான் இருக்காம். கடைசில வாறவங்களுக்குத்தான் குறையுதாம். எனக்கு வேண்டியவங்கள முன்னுக்குக் கூப்பிட்டுட்டு, மத்தவங்க கொழுந்துல கை வைக்கிறேனாம்."

"முன்னுக்குக் கூப்பிடுறியா?"

"கிட்ட உள்ள மலையில பறிக்கிறவங்க மொதல்ல வாறாங்க. தூரத்து மலைக்காரங்க கடைசில வாறாங்க. நான் என்ன செய்ய? அம்மாவும் தூரத்து மலைதான். பெத்தவ கூடையிலயே கை வைக்கிறவன், நம்ம கூடைய விடுவானான்னு கேக்கிறாங்க."

கொழுந்து குறைந்தால் முழு நாளும் வேலை செய்தவளுக்கு அரை நாள் சம்பளம்தான் விழும். அரைப்பேர் என்பார்கள். பெரியாயிக்குத் தொடர்ந்து அரைப்பேர் விழுந்திருந்தது. அவள் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழும்பிப் போவாளாம். வருகிற திங்கட்கிழமைக்குள் அவனை மாற்றாவிட்டால் அந்த மடுவத்துக்கு ஒருத்தியும் கொழுந்து கொண்டுவருவதில்லை என்று பெண்கள் முடிவு எடுத்திருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை, தராசைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தராசு சரியென்றால் கை கள்ளக் கை. அவ்வளவுதான்.

நான் தராசைக் கொக்கியில் தொங்கவிட்டேன். படிக்கற்களைப் போட்டேன். சரி. மாற்றிப் போட்டேன். சரி. கூட்டினேன், குறைத்தேன். கிராம் பிசகவில்லை.

எனக்கு வளைத்துப் பேச வராது. "தராசு சரி தம்பி" என்றேன்.

அவன் தலையாட்டினான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. "அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான்.

புஷ்பம் ஈய முத்திரையை உடைத்தாள். தராசின் பின்மூடியைத் திறந்து, பாரத்தை இறக்காமல் அப்படியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஷஹீலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வைக்க இடம் இல்லாமல், தொங்கும் தராசுக்கு நேர் கீழே மேசையில் கோப்பையை வைத்தாள். நல்ல சூடு. ஆவி மேலே போனது.

தராசின் எண் இறங்கியது.

முதலில் நான் பார்க்கவில்லை. புஷ்பம் என் கையைப் பிடித்தாள். எண் இன்னும் இறங்கியது. அவள் கோப்பையை எடுத்து அப்பால் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண் மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி கோப்பையைக் கீழே வைத்தாள். மறுபடி இறங்கியது.

"ஈரம்" என்றாள். "பனி எறங்க எறங்க நெறை கொறையுது. அதான் கடைசி ஆளுங்களுக்கு."

"எல்லாத் தராசும் பனியிலதானே தொங்குது. இது மட்டும் என்னத்துக்கு?"

அவள் பாரத்தை இறக்கினாள். போர்டைக் கழற்றினாள். ஒரு பஞ்சை அந்தத் தேத்தண்ணியில் நனைத்து, போர்டின் ஓரத்திலும் கோடுகளின் இடுக்கிலும் மெல்லத் தடவினாள். பஞ்சு மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி கறுத்துவிட்டது.

தேயிலைச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். பெரிக் குளோரைட் என்பது கரைந்த இரும்புதான். செம்பைத் தின்றுவிட்டுப் போக வேண்டிய மருந்து போகாமல் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும். ஈரம் வந்தால் உப்பு மாதிரி தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, கரண்டு போகக் கூடாத இடத்தில் எல்லாம் போக வழிவிடும். கூடவே செம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தராசு அழுகிறது என்று சொல்லலாம்.

"தண்ணி வராத வாரம்" என்றாள் புஷ்பம்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் போர்ட் செய்த வாரம் எங்கள் பக்கத்துக்குப் பைப் தண்ணி ஒழுங்காக வரவில்லை. ஓடுகிற தண்ணியில் கழுவ வேண்டியதை அவள் ஒரே பேசின் தண்ணியில் அலசியிருந்தாள்.

"மலேசியாவுல மருந்துல இருக்கிற நேரத்தவிட கழுவுற நேரந்தான் கூட" என்றாள். "அங்க ஒரு நாளும் இப்பிடிச் செஞ்சதில்ல. தராசுதானேன்னு நெனச்சேன் போல."

நான் அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னேன்: "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? தேசிக்கா புளி போட்டுக் கழுவு, நல்லாக் காய வை, பூட்டித் தாறேன். போர்ட் பழுது, திருத்தியாச்சு எண்டு துரைக்கி நான் செல்றன். முடிஞ்சி போச்சு."

"முடியாது நானா. இனிமே சரியா நிறுக்கும். இது வரைக்கும் கொறஞ்சது?"

"தராசு பழுது எண்டால் போதுமே."

"தராசு பழுதுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பயந்து போய் கைய நிறுத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. அவன் சாகுற வரைக்கும் கொழுந்துத் திருடன்தான். அம்மா மனசுலயும் அப்பிடித்தான் கெடக்கும்."

போர்டை அவள் கழுவவில்லை. கழுவ விடவும் இல்லை. கறை அப்படியே இருக்கத் திரும்பப் பூட்டினாள். நிறுவை அதிகாரிக்கு நான் போன் பண்ணி, முத்திரை உடைத்த காரணத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். "பாத்துட்டு வாங்க, புதுசு போட்டதும் நான் வந்து சோதிக்கிறேன்" என்றார். தராசையும் அக்கா தம்பி இருவரையும் என் திரீவீலில் ஏற்றிக்கொண்டு ஹாலிஎலை தாண்டி மலை ஏறினேன். வழி முழுக்க மழைத் தூறல். கிரிஷாந்தன் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உண்மையாவே தராசா அக்கா? இல்ல எனக்காகச் சொல்றியா?" அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மடுவத்தில் பின்னேர நிறுவைக்குப் பெண்கள் கூடையும் சாக்குமாக நின்றார்கள். பனி மடுவத்துக்குள்ளேயே வந்து நின்றது. என்னைக் கண்டதும் ஒரு சலசலப்பு. இடுப்பில் மழைச்சீலையாகப் பச்சைப் படங்கு கட்டிய ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்:

"அக்காக்காரி சோனகக் கடையில வேல பாக்கிறா. தராசு பழுதுன்னு எழுதி வாங்கிட்டு வந்திருப்பா."

"தராசு பழுதுதான்" என்றாள் புஷ்பம்.

"ஓ! தம்பிக்காகத் தராசு மேல பழியா?"

"தராசு மேல இல்ல. என் மேல. இதுக்குள்ள இருக்கிற போர்ட நான்தான் செஞ்சேன். கழுவ வேண்டிய மாதிரி கழுவல. என் கைத்தப்பு."

என் பெரிய கோபம் இதுதான். அந்தப் போர்ட் என் கடைப் பேரில் வந்தது. பூட்டினது நான். காசு வாங்கினதும் நான். தண்ணி இல்லாத வாரம் வேலையை நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டிய முதலாளியும் நான்தான். வழியில் ஒரு வார்த்தை, "நானா, இப்படிச் சொல்லப் போறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். "நானா, நீங்க சும்மா இருங்க" என்றாள். அத்தனை பெண்களுக்கு முன்னால். என் பங்குப் பழியை எனக்குத் தரவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

"சும்மா சொல்லாத. காட்டு" என்றாள் படங்குக்காரி.

"நீங்களே காட்டுங்க அக்கா."

புஷ்பம் தராசைக் கொக்கியில் மாட்டி, பின்மூடியைத் திறந்து, ஒரு சாக்குக் கொழுந்தைத் தொங்கவிட்டாள். மடுவத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலைத் தூக்கி அந்தப் பெண் கையில் கொடுத்தாள். "கீழ புடிங்க. நான் தள்ளி நிக்கிறேன். தம்பியும் தள்ளி நிக்கட்டும். ஒருத்தரும் தொட வேணாம்."

ஆவி ஏறியது. எண் இறங்கியது. எட்டிப் பார்த்தவர்களின் சத்தமும் இறங்கியது.

"அடியே, எறங்குதுடி" என்றாள் ஒருத்தி.

"கேத்தல எடு... ஏறுது பாரு."

"இன்னொருக்காப் புடி!"

அந்தப் படங்குக்காரி கையிலிருந்து கேத்தல் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோருக்கும் தானே பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு புஷ்பம் போர்டைக் கழற்றி, ஒரு கோப்பைச் சாயத்தண்ணியில், பால் விடாத தேத்தண்ணியில், முக்கி எடுத்தாள். தண்ணி கவ்வாத்துக் கத்தி கழுவின தண்ணி மாதிரி கறுத்தது. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப எங்களுக்கு அரைப்பேர் போட்டது நீதானா?" என்று படங்குக்காரி கேட்டாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

"நான்தான் அக்கா."

"அடிப் பாவி."

கூட்டத்தின் பின்னாலிருந்து பெரியாயி வந்தாள். கூடையை இறக்கவில்லை. நேராக மகனிடம் போனாள். அவன் கன்னத்தில் கையை வைத்தாள். இலைக் கறை பிடித்த கை. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். கட்டிப்பிடிப்பாள் என்று நான் நினைத்தேன்.

"ஏன்டி, இத மொதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "பெத்த புள்ள மூஞ்சியப் பாக்காம சோறு போட்டேனே. எனக்கும் இந்தப் பொம்பளைங்களுக்கும் ஒண்ணாத்தான் சொல்லணுமா? நானும் இவங்கள மாதிரி எட்டிப் பாத்துத்தான் என் மகன் திருடன் இல்லன்னு தெரிஞ்சுக்கணுமா?"

புஷ்பம் தம்பியைக் காப்பாற்ற எல்லாம் யோசித்திருந்தாள். தாயை யோசிக்கவில்லை.

திரும்பி வரும்போது நான் கோபமாகச் சொன்னேன், "எனக்கும் அதுதான். மொதல்ல என்கிட்ட செல்லியிருக்கலாம்." 

கிரிஷாந்தன் வேலையில் இருந்தான். துரை பெண்களோடு பேசிக் குறைந்த நாட்களைச் சரிசெய்து கொடுத்தார். புஷ்பம் புதுப் போர்ட் செய்தாள். தேசிக்காய் விட்டு, ஓடுகிற தண்ணியில் கழுவிக் கழுவி, கடைசித் தண்ணியை ஷஹீலாவின் தேத்தண்ணியில் சொட்டவிட்டுப் பார்த்து, நிறம் மாறாத பிறகுதான் கையை எடுத்தாள். அதிகாரி வந்து முத்திரை போட்டார். இந்தத் தடவை மழை பெய்கிற நாளாகப் பார்த்து வரச் சொன்னேன்.

அன்றிலிருந்துதான் அந்தப் பாதிக் கோப்பை வழக்கம். எந்த வேலையாக இருந்தாலும் சரி. மீன் கடைத் தராசு, பார்மசித் தராசு, ஒரு தடவை ரேடியோ கூட.

"இங்க தண்ணி நல்லா வருதே புள்ள, இன்னும் என்னத்துக்கு?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"சோசர் நெறம் மாறாமப் பாத்தாத்தான் வீட்டுக்குப் போக மனசு வருது நானா."

தாய்க்கும் மகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. பேசிக்கொண்டார்கள். பெரியாயி கட்டிக் கொடுத்த ரொட்டி தினமும் மகளுடைய பையில் வந்தது. ஆனால் லயத்தில் யாருக்காவது ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தால், புஷ்பத்தைப் பார்த்துப் பெரியாயி, "எல்லாருக்கும் சொல்லிட்டியா? அப்ப எனக்கும் சொல்லு" என்பாளாம். புஷ்பம் இதைச் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொல்வாள். சிரிப்பு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. கால் வீங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை. அமிலத்தில் கை வைத்ததால் வந்தது என்று ஊர் பேசியது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊவா மாகாணத்தில் அமிலத்தைக் கண்ணாலும் காணாத எத்தனையோ பேருக்கு இந்தச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது. எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன். பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவும் நாட்களில், முடிந்ததும் நேரே கடைக்கு வந்து உட்காருவாள். வேலை செய்ய வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். "என் ரத்தத்தக் கழுவுற மெசின் என்னைவிட நல்லாக் கழுவுது நானா. என்ன, கடைசில சாயத்தண்ணி ஊத்திப் பாக்க மாட்டேங்குறாங்க" என்று பகிடி பண்ணுவாள்.

தண்ணி குடிப்பதற்கே அளவு வைத்துவிட்டார்கள். தேத்தண்ணி அரைக் கோப்பைக்கு மேல் கூடாது. அதைக் கேட்டு ஷஹீலா அழுதாள். "இவ்வளவு நாளும் ஏசினேனே. இப்ப பாதி ஊத்தினாப் போதும்" என்றாள்.

கடைசியாக நான் அவளைப் பார்த்தது வார்டில், ஒரு பகல் நேரம். பெரியாயி கட்டிலடியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். தலை மகளின் காலோடு சாய்ந்திருந்தது.  எனக்கு ஆஸ்பத்திரியில் என்ன பேசுவது என்று வருவதில்லை. "கடையில வேல கெடக்கு, சுகமாகி வா" என்றேன்.

அவள் தாயைத் தொட்டுப் பார்த்தாள், தூங்குகிறாளா என்று. பிறகு என்னைக் கிட்ட வரச் சொன்னாள். குரல் மெலிந்திருந்தது. ஆனால் வேலை சொல்லும்போது வருகிற பழைய கண்டிப்பு அதில் இருந்தது.

"நானா, மடுவத்துல இன்னும் என் போர்டுதான் தொங்குது. மழ தொடங்கினதும் வருசா வருசம் நீங்க ஒருக்காப் போங்க. மூடியத் தொறந்து, பஞ்ச சாயத்தண்ணியில நனச்சுத் தடவிப் பாருங்க. ஷஹீலா ராத்தாவோட சாயத்தண்ணி, கடையில வாங்கினது வேணாம். கறுக்கலன்னா வந்துருங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். கறுத்துச்சுன்னா தம்பிகிட்டப் போகாதீங்க, தொரைகிட்டயும் போகாதீங்க. நேரா லயத்துக்குப் போய், மொதல்ல எங்க அம்மாகிட்டச் சொல்லுங்க."